பூப்பும் ஆட்டிசச் சிறுமியும்

ஆட்டிசம், அதாவது புலனுணர்விலும் பிறரோடு தொடர்புகொள்வதிலும் வேறுபடும் நரம்பு வளர்ச்சி நிலை, உள்ள சிறுமிக்கு முதல் மாதவிடாய்க் குருதி காயமாகவே தோன்றக்கூடுமாதலால், பூப்புக்குப் பல மாதங்கள் முன்பே, செய்ய வேண்டியதைப் படிப்படியாகக் காட்டும் படவரிசை அட்டைகளின் துணையோடு, நாப்கினைச் சிறிது நேரம் அணியப் பழக்குவது நலம். ஒட்டும் பட்டையின் உறுத்தலைத் தாங்காதோருக்கு மாதவிடாய் உள்ளாடையோ மென்பருத்தித் துணியோ பொருந்தலாம். இதற்கான வழிகாட்டலுக்குத் தாம்பரம் முதலான தென்சென்னைப் புறநகர்க் குடும்பங்கள் அணுகத்தக்க இடங்களுள், முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவப்பட்ட நடுவண் அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஒன்று. மஞ்சள் நீராட்டு விழாவின் ஒலிபெருக்கி, பட்டு, கூட்டம் மூன்றும் இச்சிறுமியருக்குப் பெருந்துன்பமாகலாம்; உறவினர் முகம் சுளித்தாலும் விழாவைச் சுருக்குவதே தகும். இவ்வாறு பழக்குவதற்கு மாறாக, மாதவிடாய்ப் பராமரிப்புச் சுமையைக் காரணங்காட்டி, 1994-இல் புனேயில் அறிவுசார் குறைபாடுடைய பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது.