நடைபாதை விளிம்பு வண்ணக்குறிகள்

நடைபாதை விளிம்பு வண்ணக்குறிகள் என்பன சாலையையும் நடைபாதையையும் பிரிக்கும் விளிம்புக்கற்களின் மீது தீட்டப்படும் போக்குவரத்துக் குறியீடுகள் ஆகும். இந்தியாவில் இவற்றின் அமைப்பை இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 35 என்னும் நெறிமுறை வகுக்கிறது. இதன் திருத்திய பதிப்புகள் 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன.

வண்ணங்களின் பொருள்

திருநெல்வேலி உள்ளிட்ட தமிழக நகரங்களில் மிகுதியாகக் காணப்படுவது கருப்பு வெள்ளைப் பட்டையாகும். இதனை வாகனம் நிறுத்தத் தடை என்று சிலரும், அனுமதி என்று வேறு சிலரும் கருதுவதுண்டு. இரண்டும் தவறு. விளிம்புக்கல்லும் நடுத்திட்டும் இரவில் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இப்பட்டை தீட்டப்படுகிறது. தடையைக் குறிக்கும் வண்ணம் மஞ்சள் ஆகும். எனினும் நடைமுறையில் அறிவிப்புப் பலகைகளே மிகுதி. சிவப்பு விளிம்புடைய நீல வட்டத்தில் ஒரு சாய்கோடு இருப்பின் அங்கு வாகனத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. குறுக்காக இரு கோடுகள் இருப்பின் சற்று நேரம்கூட நிற்கக் கூடாது.

சட்ட விதிகள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 117ஆம் பிரிவின்படி, மாநில அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ உள்ளாட்சி அமைப்பைக் கலந்து நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கலாம். வண்ணம் இல்லாத இடமெல்லாம் அனுமதிக்கப்பட்ட இடம் அன்று. நடைபாதை, பாதசாரிகள் கடக்குமிடம், சாலைச் சந்திப்பு, பேருந்து நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை வாயில் ஆகியவற்றில் குறி எதுவும் இல்லாவிடினும் தடை உண்டு. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில் இருந்த இத்தடைகள், அவற்றுக்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் தொடர்கின்றன. தடையுள்ள இடத்தில் நிற்கும் வாகனத்தை இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ 127ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதற்கான செலவு உரிமையாளரைச் சாரும். 177ஆம் பிரிவின் பொது அபராத உச்சவரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாயாகவும், மீண்டும் செய்யும் குற்றத்துக்கு 300 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும் உயர்ந்தது.

திருநெல்வேலியில்

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகள் தேரோட்டத்துக்கு உரியவை. இன்று அவையே டவுன் பகுதியின் முதன்மைக் கடைவீதிகளும் ஆகும். ஆனித் தேரோட்டத்தின்போது இவ்வீதிகளில் போக்குவரத்து மாற்றிவிடப்படும். ஏனைய நாட்களில் கடைக்கு வருவோரின் இருசக்கர வாகனங்கள் சாலையோரத்தை அடைத்து நிற்பதால், நடந்து செல்வோர் சாலையின் நடுவே ஒதுங்க நேரிடுகிறது. சாலைகளைப் பராமரிப்பது 1994இல் உருவான மாநகராட்சியும், சில சாலைகளில் நெடுஞ்சாலைத் துறையும் ஆகும்; அபராதம் விதிப்பதோ காவல்துறை. கோடு இடுபவரும் அதனைக் காப்பவரும் வெவ்வேறு துறையினராதலால், அழிந்த கோடு மீண்டும் தீட்டப்படும் வரை ஓட்டுநருக்குப் பலகையே வழிகாட்டியாகும்.

பிற நாடுகளில்

சிங்கப்பூரில் சாலையோர ஒற்றை மஞ்சள் கோடு குறிப்பிட்ட பகல் நேரத் தடையையும், இரட்டைக் கோடு எந்நேரமும் உள்ள தடையையும் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் விளிம்புக்கல்லின் நிறமே விதியைச் சொல்லும்: சிவப்பு நிற்கத் தடை, மஞ்சள் சரக்கு ஏற்றி இறக்க, வெள்ளை பயணிகளை ஏற்றி இறக்க, பச்சை குறுகிய நேர நிறுத்தம், நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது.