180 டிகிரி விதி (திரைப்படம்)

இருவர் பேசும் காட்சியில், அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் கேமராவை நிறுத்திப் படமெடுக்கும் முறை. தனித்தனி ஷாட்டாக எடுத்தாலும் ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் பார்ப்பதால், எதிரெதிரே இருப்பது விளங்கும். கோட்டைத் தாண்டினால் இருவருமே ஒரே திசையில் வேறு யாரையோ பார்ப்பதுபோல் தோன்றும். தமிழ்ப் படப்பிடிப்புகளில் ‘லெஃப்ட் லுக்’, ‘ரைட் லுக்’ என்று குறிப்பது இதைத்தான்.

தொடக்ககாலப் படங்களில் கேமரா மேடையைப் பார்ப்பதுபோல் ஓரிடத்திலேயே நின்றதால் இந்தச் சிக்கல் எழவில்லை. எஸ்ஸனே நிறுவனத்தின் ‘தி லோஃபர்’, பேசுபவர்களை மாறிமாறி எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து காட்டும் எதிர்க்கோண ஷாட்டின் முன்னோடி எனச் சிலர் கருதுவர். அதைப் பயன்படுத்திய முதற்படம் எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 1917 வாக்கில் ஹாலிவுட்டில் 180 டிகிரி விதி நிலைபெற்றதாக டேவிட் போர்ட்வெல், கிறிஸ்டின் தாம்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணிக்கின்றனர்.

இவ்விதியைத் தெரிந்தே மீறியவர்களில் அதிகம் ஆராயப்பட்டவர் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு (1903–1963). அவருடைய கேமரா தாழ்ந்து நிற்கும். பேசுபவர் ஏறக்குறைய லென்ஸையே பார்ப்பார். அடுத்த ஷாட் கோட்டின் மறுபுறமிருந்து வரும். பார்வை பொருந்தாவிட்டாலும் முகங்கள் திரையில் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் வந்து அமர்ந்துவிடும். பார்வைத் திசை தவறு என்று படத்தொகுப்பாளர் யோஷியாசு ஹமாமுரா ஆட்சேபித்தபோது, இரண்டு விதமாகவும் எடுத்துப் போட்டுப் பார்த்த ஓசு, வேறுபாடு ஒன்றும் இல்லை என்றாராம். சட்டகத்தின் அமைப்புக்காக மேசைமேல் இருக்கும் பொருள்களையும் ஷாட்டுக்கு ஷாட் நகர்த்துவார். அவரது முதல் வண்ணப்படமான ‘ஈக்வினாக்ஸ் ஃப்ளவர்’ (1958) பார்ப்பவர்கள் அதிலுள்ள சிவப்புக் கெட்டில் எங்கெங்கே இடம் மாறுகிறது என்று கவனிக்கலாம். அலுக்காத வேலை அது. பாயில் அமர்ந்தவரின் கண்மட்டமே ஓசுவின் தாழ்ந்த கேமராவின் உயரம் என்பது பரவலான விளக்கம். தெருவிலும் அலுவலகத்திலும்கூடக் கேமரா தாழ்ந்தே நிற்பதைக் காட்டிப் போர்ட்வெல் இதை மறுக்கிறார்.

விதியோடு விளையாடியவர் ஓசு மட்டுமல்லர். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) கழிவறை உரையாடலில் கோடு அப்பட்டமாகத் தாண்டப்படுகிறது. ஜோனதன் டெம்மியின் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) படத்தில் கதாநாயகியிடம் பேசுபவர்கள் லென்ஸை நேராகப் பார்க்கிறார்கள்; அவள் பார்வை மட்டும் சற்றே விலகியிருக்கும்.

அண்மைக்காலத்தில் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிடுவது பெருகியுள்ளது. அவையும் பெரும்பாலும் கோட்டின் ஒரே பக்கத்திலேயே வைக்கப்படுகின்றன.