வெளியே போனவர்களும் உள்ளே இருந்தவளும்

என் அக்கா மகளுக்கு அப்போது ஏழு வயது. ‘வைல்ட் க்ராட்ஸ்’ பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பிக் கேட்டாள்: “சித்தி, அந்த அக்கா ஏன் எப்பப் பார்த்தாலும் உள்ளேயே இருக்காங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் க்ராட் சகோதரர்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். அண்ணன் மார்ட்டின் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர். தம்பி கிறிஸ், கார்ல்டன் கல்லூரியில் உயிரியல் படித்தவர். இருவரும் சேர்ந்து 1996இல் பிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘க்ராட்ஸ் கிரீச்சர்ஸ்’ தொடரைக் கொண்டுவந்தார்கள். முகம் தெரியாத பெரியவரின் கனத்த குரல் காட்டை விளக்கிய வழக்கத்துக்கு மாறாக, இவர்கள் சேற்றில் உருண்டார்கள், வியந்தார்கள், சிரித்தார்கள். அறிவியலைப் பயமில்லாமல் தொட்டுப் பார்க்கலாம் என்று குழந்தைகளுக்குக் காட்டியது பெரிய காரியம்தான்.

அந்தத் தொடரில் அலிசன் என்றொரு பெண் வருவாள். சகோதரர்கள் காடுகளில் திரிய, அவள் பெரும்பாலும் சங்க அறையில் இருந்தபடி அவர்களுடன் பேசுவாள். இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் ஏரிக்குத் தம்பி போவான். அவன் கொண்டுவரும் தலைப்பிரட்டைகளுக்குத் தண்ணீர் மாற்றி வளர்த்தது அக்காவும் நானும். ‘பூச்சி புழு எல்லாம் தெரிஞ்சவன்’ என்ற பெயர் அவனுக்கு வந்தது.

1999இல் அவர்களுடைய ‘ஸூபூமாஃபூ’ வந்தது. அதன் நாயகன் ஒரு லெமூர். ஜோவியன் என்ற நிஜமான ஆண் சிஃபாகா லெமூர் குதித்து வரும். பிறகு அதன் இடத்தில் ஆண்குரலில் பேசும் பொம்மை அமரும். வீட்டில் இரண்டு சகோதரர்கள், ஓர் ஆண் லெமூர். ஆனால் சிஃபாகாக்களிடையே பெண்ணுக்கே முதலிடம். தீனியில் முந்துவது அவள். ஆண் விலகி வழிவிடும்.

லெமூர்களின் இந்த இயல்பை உலகம் கவனிக்கக் காரணமானவர் ஒரு பெண். அலிசன் ஜாலி 1960களின் தொடக்கத்தில் மடகாஸ்கர் சென்று வளையவால் லெமூர்களைக் கவனித்தார். பபூன் குரங்குகளைப் பார்த்துவிட்டு, ஆணின் வலிமையே குரங்கினச் சமூகத்தின் அச்சாணி என்று அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பெண்கள் ஆண்களை அடக்கி வாழும் கூட்டத்தை அவர் 1966இல் தன் நூலில் பதிவுசெய்தார்.

விலங்கின்மேல் நம் ஒழுங்கை ஏற்றுவதைத் தொலைக்காட்சி கண்டுபிடிக்கவில்லை. குறுந்தொகையின் 69ஆம் பாட்டில், கடுவன் இறந்ததும் மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் விட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் ஒன்றைக் கேட்பேன்: இது மந்தியின் துயரமா, மந்திமீது நாம் சுமத்திய கைம்மையா?

2011இல் தொடங்கிய ‘வைல்ட் க்ராட்ஸ்’ கார்ட்டூனில் மாற்றம் உண்டு. சகோதரர்கள் விலங்குகளின் ஆற்றலைப் பெற அணியும் உடைகளைக் கண்டுபிடிப்பவள் அவீவா என்ற பொறியாளர். ஒரு பெண்ணின் மூளை இல்லாமல் அங்கே சாகசமே இல்லை. ஆனாலும் தொடரின் பெயர் அவர்களுடையது; உடையைப் போட்டுக்கொண்டு பெரும்பாலும் வெளியே பாய்வதும் அவர்களே. விலங்குகளைப் பிடித்து நாகரிக உடைக்குப் பயன்படுத்தும் வில்லி டொனிட்டா ஒரு பெண். பெண்ணின் அலங்கார ஆசையைப் பழிப்பது எவ்வளவு எளிது!

ஜாலியும் குழந்தைகளிடம் போனார். மலகாசி விஞ்ஞானி ஹந்தானிரினா ரசாமிமனானாவுடன் சேர்ந்து, அந்த நாட்டுக் குழந்தைகளுக்காக அவர்கள் மொழியிலும் லெமூர் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். 2014இல் ஜாலி இறந்தார். அதே ஆண்டில் ஜோவியனும் இறந்தது. உலகக் குழந்தைகளுக்குத் தெரிந்த பெயர் ஜோவியன் நடித்த ஸூபூமாஃபூதான்.

க்ராட் சகோதரர்களைக் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. அவர்களால்தான் அந்தச் சிறுமிக்குக் காடு பிடித்தது. அந்தக் கேள்வியும் வந்தது. அவளுக்கு ஜாலியின் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “அவங்க நிஜமாவே வெளியே போனாங்களா?”

“போனாங்கடா கண்ணு,” என்றேன்.