பூஞ்சண ஒவ்வாமை

பூஞ்சண ஒவ்வாமை என்பது பூஞ்சணங்கள் காற்றில் பரப்பும் நுண்வித்துகளைச் சுவாசிப்பதால் சிலருக்கு ஏற்படும் ஒவ்வாமை ஆகும். ஈரம் தங்கிய சுவர், கூரை, குளியலறை, மரப்பொருட்கள் முதலியவற்றில் பூஞ்சணம் வளர்கின்றது. ஏற்கனவே உள்ள ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் இது தீவிரப்படுத்தும் என்பது நன்கு நிறுவப்பட்டுள்ளது. புதிதாக ஒவ்வாமையை உண்டாக்குமா என்பது ஒவ்வொருவரின் உடலியல்பையும் பொறுத்தது.

உருவாகும் விதம்

ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகியவை ஒவ்வாமை தரும் முக்கிய பூஞ்சணங்கள். இவற்றின் வித்துகள் காற்றில் எங்கும் காணப்படுகின்றன. பெரும்பாலானோரை இவை பாதிப்பதில்லை. ஒவ்வாமை இயல்புடையோரின் உடல், பூஞ்சணப் புரதங்களுக்கு எதிராக இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகின்றது. அதன் பின்னர் அதே வித்துகளைச் சுவாசிக்கும்போது மாஸ்ட் செல்களில் இருந்து ஹிஸ்டமின் வெளிப்பட்டு அறிகுறிகள் தோன்றுகின்றன.

அறிகுறிகள்

* தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு
* கண் அரிப்பு, கண் சிவத்தல்
* இருமல், மூச்சிரைப்பு

ஒவ்வாமை இல்லாதோருக்கும் பூஞ்சணத்தால் கண், தொண்டை எரிச்சல் ஏற்படலாம். ஆகவே இவ்வறிகுறிகளை மட்டும் கொண்டு ஒவ்வாமை என முடிவு செய்ய இயலாது. தோல் குத்தல் சோதனை அல்லது குருதிச் சோதனை மூலம் மருத்துவர் இதனை உறுதிசெய்வார்.

ஆய்வு முடிவுகள்

அமெரிக்க மருத்துவக் கழகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டினுள் உள்ள பூஞ்சணத்துக்கும் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா அறிகுறிகள் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குப் போதிய சான்றுகள் இருப்பதாகக் கூறியது. உலக சுகாதார அமைப்பின் 2009 ஆம் ஆண்டு வழிகாட்டி, ஈரமான வீடுகளுக்கும் புதிதாக ஆஸ்துமா தோன்றுவதற்கும் தொடர்பு உள்ளதைச் சுட்டியது. எனினும் அத்தகைய வீடுகளில் தூசுப்பூச்சிகளும் பாக்டீரியாக்களும் பெருகுவதால், பூஞ்சணத்தின் பங்கை மட்டும் பிரித்தறிவது கடினம். பாதுகாப்பான பூஞ்சண அளவு எதையும் இவ்வழிகாட்டி வரையறுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதையே வலியுறுத்துகின்றது.

பூஞ்சணத்தின் பாதிப்பு ஒவ்வாமையுடன் நின்றுவிடுவதில்லை. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வாடகைக் குடியிருப்பில் இருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் உண்டான கடும் சுவாச நோயே காரணம் என 2022 இல் மரண விசாரணையில் முடிவானது. இதன் விளைவாக, சமூக வீட்டு உரிமையாளர்கள் குறித்த காலத்துக்குள் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் சீர்செய்ய வேண்டும் என்னும் சட்டவிதி அங்கு 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

தடுப்பு முறைகள்

* நீர்க்கசிவைச் சரிசெய்தல். இதைச் செய்யாவிடில் துடைத்த இடத்தில் பூஞ்சணம் மீண்டும் வளரும்.
* நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்துதல்.
* வீட்டினுள் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்கு மிகாமல் வைத்திருத்தல். சமையலறை, குளியலறைகளில் காற்றோட்டம் அமைத்தல்.
* பூஞ்சணத்தைச் சோப்பு நீரால் தேய்த்து முற்றிலும் அகற்றுதல். இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும் என்பதால், அதன் மேல் வண்ணம் பூசி மறைப்பது பயன் தராது.
* வெளுப்புக் கரைசலை அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருட்களுடன் சேர்க்காதிருத்தல். இக்கலவையில் இருந்து நச்சு வளிமம் வெளிப்படும்.

ஆஸ்துமா உள்ளோர் பூஞ்சணத்தை அகற்றும் பணியில் ஈடுபடாதிருப்பது நன்று. தேய்க்கும்போது வித்துகள் பெருமளவில் காற்றில் கலக்கின்றன.

இவற்றையும் பார்க்க

* ஒவ்வாமை
* ஆஸ்துமா
* பூஞ்சை