தமிழ்க் குறியீட்டு வரலாறும் பல்கலைக்கழகக் கைப்பேசிப் பாடச் செயலிகளும்

முன்னுரை

பல்கலைக்கழகப் பாடங்களைக் கைப்பேசிச் செயலிகளாக்கும் முயற்சியின் வரலாறு பெரும்பாலும் ஆப்பிள், ஆண்ட்ராய்டு செயலிக் கடைகள் திறக்கப்பட்ட 2008ஆம் ஆண்டிலிருந்து சொல்லப்படுகிறது. தமிழ்ப் பாடங்களைப் பொறுத்தவரை அவ்வரலாறு எழுத்துக் குறியீட்டிலிருந்து தொடங்குகிறது. பொதுக் குறியீட்டைச் சார்ந்த பாடமே கருவிகள் மாறியபின்னும் பயன்படும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எழுத்துரு மாநாடுகள்

1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டமைப்பைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சான பாடம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். 1997இல் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாடு குறியீட்டுத் தரப்பாட்டை விவாதித்தது. 1999இல் சென்னை மாநாட்டின் வழியே தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் குறியீடுகளும் உருவாயின. யுனிகோடு 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்தும், அது பரவலான பயன்பாட்டுக்கு வரக் காலம் பிடித்தது.

கைப்பேசியில் தமிழ்

கணினியில் மாணவர் வேண்டிய எழுத்துருவைத் தாமே நிறுவிக்கொள்ளலாம். அக்காலக் கைப்பேசியில் அதற்கு வழியில்லை. இந்நிலையில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிவகுத்தது. எனினும் யுனிகோடு குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகளே அடங்கும். மூன்று எழுத்துகள் கொண்ட ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கே ஐந்து குறிகள் தேவை. ஆதலின் குறுஞ்செய்தி சொற்பயிற்சிக்கு உதவுமேயன்றி, இலக்கியப் பாடத்திற்குப் போதாது. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகளை உள்ளிணைத்தது. அதன்பின் அக்கருவிகளில் மாணவர் தனிச் செயலியின்றியே தமிழில் விடையெழுத முடிந்தது.

பாடச் செயலிகள்

ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் முதற்பதிப்பாக வெளியிட்ட மூடில், பல்கலைக்கழகங்கள் பெரிதும் பயன்படுத்தும் திறமூலக் கற்றல் மேலாண்மைத் தளமாகும். அதன் முதல் கைப்பேசிச் செயலி ஐபோனுக்கென்றே எழுதப்பட்டது. அது கைவிடப்பட்டு, வலைத் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட புதிய செயலி 2013இல் வெளிவந்து பல கருவிகளிலும் இயங்கியது. செயலி மாறினும் பாடங்கள் அழியவில்லை. அவை செயலிக்குள் அன்றிப் பல்கலைக்கழக வழங்கியில் தனியே சேமிக்கப்பட்டிருந்தமையே காரணம். தனி எழுத்துருவில் அமைந்த பழைய தமிழ்ப் பாடங்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. குறியீட்டு மாற்றம் செய்யப்படாதவரை அவற்றைத் தேடவோ புதிய செயலியில் சேர்க்கவோ இயலாது.

முடிவுரை

புலம்பெயர் நாடுகளில் தமிழ்த்துறைகளின் மாணவர் தொகை சிறிது. ஒரே பாடத்தை மீண்டும் மீண்டும் உருவாக்கும் வசதி அத்துறைகளுக்கு அரிது. ஆகவே பாடவுரையை யுனிகோட்டிலும், ஒலிப்பதிவுகளைத் தனிக் கோப்புகளாகவும் பேணி, செயலியை அவற்றைக் காட்டும் வாயிலாக மட்டும் அமைத்தல் வேண்டும். செயலியோடு அதன் மூலக் கோப்புகளையும் ஆய்வு நூலகங்கள் பெற்றுப் பாதுகாத்தல் இன்றியமையாதது.