முற்றத்துப் பட்டறைகள்: திருகோணமலை மாவட்டத்தில் பழைய கார்களின் நீண்ட ஆயுள்

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் கோணேசர் கோயிலையும் பிரெட்ரிக் கோட்டையையும் ஆழ்கடற் துறைமுகத்தையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. எனினும் அந்தத் துறைமுகத்தைச் சூழ்ந்த நகரிலும் சீனன்குடா, உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய ஊர்களிலும் வாழ்ந்த சாதாரணக் குடும்பங்கள், 1950களில் இங்கிலாந்திலிருந்து வந்த கார்களை அவற்றைச் செய்தவர்கள் எண்ணியதைவிடப் பல மடங்கு காலம் தம் வீட்டு முற்றங்களிலேயே பழுதுபார்த்து ஓட்டிய வரலாறும் இம்மாவட்டத்துக்கு உரியதே. பழைய பொருள்மீது கொண்ட பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. கடற்படைத் தளம் மூடப்பட்டதும், இறக்குமதி தடைப்பட்டதும், உள்நாட்டுப் போரினால் பாதைகளும் எரிபொருளும் அடைபட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, ஒவ்வொரு நெருக்கடியையும் கைத்திறனால் எதிர்கொள்ள மக்கள் பழகியதே முதன்மைக் காரணமாகும்.

1795இல் திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர் அதனை இந்து சமுத்திரத்தின் முக்கியமான கடற்படைத் தளங்களுள் ஒன்றாக வளர்த்தனர். 1927இல் புகையிரதப் பாதை துறைமுகத்தை எட்டியது. 1930களில் சீனன்குடாவில் கப்பல்களுக்கான எண்ணெய்த் தாங்கிகள் பெருந்தொகையாக அமைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை இத்துறைமுகத்தைப் பயன்படுத்தியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தளத்தைத் தாக்கியபோது தாங்கிகளுள் ஒன்றும் அழிந்தது. கப்பல்களையும் விமானங்களையும் படை வாகனங்களையும் பேணுவதற்கு இத்தகைய தளமொன்றுக்குப் பல தொழில்கள் தேவைப்பட்டன. இயந்திரப் பாகங்களை அளவுக்கு அராவிப் பொருத்தும் பிட்டர், உலோகத்தைச் சுழலவிட்டுக் கடைந்து உருவாக்கும் லேத் வேலையாள், ஒட்டுவேலை செய்யும் வெல்டர், தகடு தட்டும் தகரவேலைக்காரர், மின்கம்பி வேலையாள் ஆகியோரின் தொழில்கள் அவற்றுள் முதன்மையானவை. ஒரு கார் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதற்கு வேண்டிய அறிவும் இதுவே என்பதால், துறைமுக ஊரொன்றில் அந்த அறிவு வளர்வதற்கு ஏற்ற நிலம் முன்னரே பண்பட்டிருந்தது எனலாம். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டுப் பிரித்தானியக் கடற்படை வெளியேறியபோது, அதனை நம்பியிருந்த நகரின் பொருளாதாரம் சுருங்கியது; கைத்தொழில் தெரிந்தவர்கள் அத்தொழிலுக்கு வேறு களம் தேட வேண்டியதாயிற்று.

அதே பத்தாண்டில்தான் நடுத்தர வருமானமுடைய இலங்கைக் குடும்பங்களுக்குக் கார் எட்டக்கூடிய பொருளாகியது. வைத்தியர், ஆசிரியர், வணிகர், அரசாங்க உத்தியோகத்தர் ஆகியோர் வாங்கிய ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போட், ஹில்மன், போட் பிரிபெக்ற், பிரான்ஸ் நாட்டுப் பியூஜோ 203 ஆகியன தெருக்களில் பெருகின. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டதும், தமிழர் அரசியலில் அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதும் யாவரும் அறிந்தவை. அதற்கு முந்திய கார்கள் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகளைத் தாங்கியிருந்தமையால், தகட்டைப் பார்த்தே ஒரு காரின் வயதை மதிப்பிட முடிந்தது.

அக்குடும்பங்கள் சில ஆண்டுகளில் பழையதை விற்றுப் புதியதை வாங்கியிருக்கக்கூடும். ஆனால் அவ்வழி விரைவில் அடைபட்டது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையினால் 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1968இல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை, அத்தியாவசியமற்ற இறக்குமதிகளுக்கு வேண்டிய வெளிநாட்டுப் பணத்தைக் கூடுதல் விலை கொடுத்துப் பெறச் செய்தது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆட்சியில் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. 1973ஆம் ஆண்டின் உலக எண்ணெய் நெருக்கடி பெற்றோலையும் விலையேற்றியது. இந்நிலையில் வீட்டில் நின்ற கார், ஏற்கெனவே பதினைந்து ஆண்டு ஓடியதாயினும், குடும்பத்தின் ஈடற்ற சொத்தாயிற்று. அது நின்றுவிட்டால் அதற்குப் பதிலாக இன்னொன்று வரப்போவதில்லை என்ற உணர்வே பழுதுபார்க்கும் பழக்கத்துக்கு அடித்தளமிட்டது.

இப்பழக்கம் சாத்தியமானதற்கு அக்கார்களின் அமைப்பும் துணைநின்றது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர், பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் ஆகும். 1952 முதல் அதிற் பொருத்தப்பட்ட ஏ-வரிசை எஞ்சின் நான்கு சிலிண்டர்களை மட்டுமே உடையது. எஞ்சின் அறையில் கை நுழைய வேண்டிய இடம் இருந்தது. பற்றரி இறங்கிப்போனால் முன்புறத்தில் கைபிடியைச் செருகிச் சுழற்றி இயக்கவும் முடிந்தது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவியான காபரேற்றர், அதில் எஸ்.யு. வகையைச் சேர்ந்தது. ஊசியொன்றைத் தாங்கிய பிஸ்டன் மேலும் கீழும் நகர்ந்து கலவையின் அளவைத் தானே சரிசெய்யும் இக்கருவியைக் கழற்றிக் கழுவி மீளப் பூட்ட ஒரு சில ஸ்பானர்களும் ஒரு திருப்புளியும் போதுமானவை. தீப்பொறிக்கு வேண்டிய மின்னோட்டத்தை விட்டுவிட்டு இணைக்கும் 'பொயின்ற்' முனைகளை அரத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்கி 0.015 அங்குல இடைவெளியில் வைப்பதும், வால்வுகளுக்கும் அவற்றைத் தள்ளும் கைகளுக்கும் இடையே 0.012 அங்குலம் விடுவதும், பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகளாக இருந்தன.

எஞ்சின் இழுவை குறைந்து புகை கக்கத் தொடங்கியபோது செய்யப்பட்ட வேலை 'டீகார்பன்' எனப்பட்டது. சிலிண்டர்களின் மூடியாகிய ஹெட்டைக் கழற்றி, எரிந்து படிந்த கரியைச் சுரண்டி, வால்வுகளைக் கரடான பசை பூசி அவற்றின் இருக்கைகளில் வைத்துக் கையாற் சுழற்றி அரைத்து, காற்றுப் புகாதவாறு பொருந்தச் செய்வதே இதன் சாரம். இதனைச் சனி, ஞாயிறு இரு நாட்களில் மாமர நிழலில் முடித்துவிடலாம். சிலிண்டர் தேய்ந்துவிட்டால் மட்டும் எஞ்சின் கட்டையைப் பட்டறைக்குக் கொண்டுசென்று, துளையைச் சற்று அகலமாகக் கடைந்து பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும்; அகலப்படுத்தவும் இடமில்லாதபோது உள்ளே உலோகக் குழாயொன்றை இறுக்கி மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவருவர். ஆகவே வீடும் கராசும் போட்டியிடவில்லை. வீட்டில் இயலாததைக் கராசில் தொழில் தேர்ந்த 'பாஸ்' செய்தார். பாஸ் செய்வதை அருகில் நின்று பார்த்த குடும்பத்தார் அடுத்த முறை அதிற் பாதியைத் தாமே செய்தனர். எழுத்தில் பதியாத இந்தக் கல்வி, கருவியை எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே குறையை அறிவதில் முற்றுப்பெற்றது.

கடலோரத்தில் எஞ்சினைவிடவும் உடலே முதலில் அழிந்தது. உப்புக் காற்று தகட்டின் மடிப்புகளில் ஈரத்தைத் தேக்கித் துருப்பிடிக்கச் செய்வதால், நிலாவெளிக் கரையிலோ கொட்டியாரக் குடாவின் ஓரத்திலோ ஓடும் வாகனம் மலைநாட்டு வாகனத்தைவிட விரைவில் அரிக்கப்படும். இங்கே கார்களின் கட்டமைப்பு வேறுபாடு பொருளுடையதாகியது. ஏ40 டெவன், சொமர்செட் ஆகியவற்றில் உடல், தனியான இரும்புச் சட்டத்தின்மேல் அமர்த்தப்பட்டிருந்தமையால், தகடு உக்கிப்போனாலும் சட்டம் வலுவாயிருக்கும்வரை மேற்பகுதியைத் துண்டுதுண்டாகப் புதுப்பிக்கலாம். மொரிஸ் மைனரிலோ உடலும் தளமும் ஒன்றாக ஒட்டப்பட்டவை; கதவுக்குக் கீழேயுள்ள பட்டிகளும் பின்வில்லுகளைத் தாங்கும் இடங்களும் உக்கினால் காரின் வலிமையே குறைந்துவிடும். அதன் முன்சில்லுகளைத் திருப்ப உதவும் மரையுள்ள மூட்டுகளுக்கும் ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு ஒரு முறை கிறீஸ் ஏற்றப்படாவிட்டால், அவை தேய்ந்து சில்லு சரிந்துவிடும் அபாயமிருந்தது. தகட்டை வெட்டி ஒட்டுவதும், பட்டிப் பசை பூசித் தேய்ப்பதும், அடிப்பகுதியில் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுவதும் கரையோர வாழ்வின் ஒழுங்கான கடமைகளாயின.

பயணப் பாதைகளும் வாகனங்களை வருத்தின. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் கரையோர வீதியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய நீர்வழிகளைப் 'பாதை' எனப்படும் மிதவைத் தட்டில் ஏற்றியே வாகனங்கள் கடக்க வேண்டியிருந்தது. நடுவழியில் நின்றுபோன காருக்கு உதவி அருகில் இல்லாத அத்தகைய வீதியில், ஓட்டுபவரே திருத்துபவராகவும் இருக்க வேண்டியிருந்தது. பெற்றோல் பம்பின் டயபிரம் தட்டு, விசிறிப் பட்டி, பிளக்குகள், கம்பித் துண்டு ஆகியன பின்பெட்டியில் எப்போதும் கிடந்தமைக்கு இதுவே காரணம். 1964 டிசம்பர் பிற்பகுதியில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளி, இந்த வீதிகளும் வீடுகளும் இயற்கையின் முன் எவ்வளவு மெலிந்தவை என்பதைக் காட்டிச் சென்றது.

1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டபோது நிலைமை மாறியது. இலங்கையைப் போலவே இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் யப்பானிலிருந்து, பாவித்துப் புதுப்பிக்கப்பட்ட 'ரீகண்டிஷன்' கார்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. எனினும் பழைய கார்கள் உடனே மறையவில்லை. விலை மலிந்த அவை, புதியதை வாங்க இயலாத குடும்பங்களுக்கும் வாடகைக் கார் ஓட்டுவோருக்கும் கைமாறின. உதிரிப்பாகங்களுக்கும் வழிகள் பிறந்தன. மொரிஸ் ஒக்ஸ்போட்டின் மூன்றாம் வரிசையைத் தழுவிய அம்பாசடர் காரை இந்தியாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை உற்பத்தி செய்தமையால் அதன் சாமான்கள் பயன்பட்டன. மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் 1990களில் இலங்கையின் தென்பகுதியிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டன. சிலர் தேய்ந்த எஞ்சினை அகற்றி யப்பானிய எஞ்சினைப் பொருத்தினர். இதற்கு எஞ்சினைத் தாங்கும் பிடிகளை வெட்டி ஒட்டுவதோடு, அங்குல அளவு ஆணிகளும் மில்லிமீற்றர் அளவு ஆணிகளும் ஒரே வாகனத்தில் கலப்பதையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

இத்திறன்கள் அனைத்தும் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது போர்க்காலத்தில்தான். 1990 யூனில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபின், வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து உள்ளிட்ட பொருட்கள் தடைசெய்யப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொரிசும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கலவையை ஏழில் ஒரு பங்களவுக்கே அழுத்தும் பழைய எஞ்சின்கள் தரங்குறைந்த எரிபொருளைத் தாங்கின. அழுத்தம் கூடிய புதிய எஞ்சின்களில் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டியிருக்கும். இதற்கும் விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கீழேயுள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்வதால் பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேய்ந்தன. பிளக்குகள் கரியால் மூடின. எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியதாயிற்று.

திருகோணமலை நகரம் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தாலும், மாவட்டத்தின் எல்லாப் பகுதிகளும் அவ்வாறு இருக்கவில்லை. சம்பூர் 2006 செப்ரெம்பரில் இராணுவத்திடம் வீழும்வரை மூதூர் கிழக்கின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. ஒரே மாவட்டத்துக்குள் ஒரு கரையில் பெற்றோலும் மறுகரையில் அதன் அருமையுமாக வாழ்க்கை பிளவுபட்டது. தரைவழி மூடப்பட்ட காலங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளும் பயணிகளும் திருகோணமலைத் துறையிலிருந்தே கப்பலில் சென்றமையால், வடக்கின் தேவையும் இங்குள்ளோர் நன்கறிந்த ஒன்றாகவே இருந்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளை மூழ்கடித்தது. கடல்நீர் புகுந்த எஞ்சினை உடனே நன்னீரால் கழுவி, எண்ணெயூட்டிப் பிரிக்காவிட்டால் அது சில நாட்களிலேயே இறுகிவிடும். உயிரிழப்பைச் சுமந்து நின்ற குடும்பங்களுக்கு அதற்கான மனமும் நேரமும் இருந்திருக்க முடியாது. போர் முடிந்த 2009இன் ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், பின்னர் ஏனைய நீர்வழிகளும் பாலங்களால் இணைந்ததும் மிதவைக் காலத்துக்கு முடிவு கட்டின. ஆயினும் பற்றாக்குறை மீண்டும் வந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி வரை மீளவில்லை. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, யூலையில் வாராந்தப் பங்கீடு கியூஆர் குறியீட்டின் வழி நடைமுறைக்கு வந்தது. தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகளைக் கொண்ட சீனன்குடாவின் அயலவரும் அவ்வரிசைகளில் நின்றனர். வீட்டுக் காரை இன்னும் சில ஆண்டுகள் தாங்கவைக்கும் கடமை புதிய தலைமுறையின் தோளிலும் ஏறியது.

அத்தலைமுறை எதிர்கொள்ளும் வாகனம் வேறானது. காபரேற்றருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீச்சும் முறையும், உணரிகளும், மூடிய கணினிப் பெட்டியும் வந்தபின், குறையை அறியவே தனிக் கருவி வேண்டும். முற்றத்தில் ஸ்பானரோடு இறங்குபவரின் எல்லை சுருங்கியுள்ளது. ஆனால் பழைய பட்டறைகள் கற்பித்தவற்றுள் பெரும்பகுதி இன்றும் செல்லுபடியாகும். குறையின் காரணத்தைப் படிப்படியாக விலக்கிக் கண்டறிவதும், மாற்றுவதற்கு முன் திருத்த முயல்வதும், கழிவென ஒதுக்கியதில் பயனைக் காண்பதும் எந்த இயந்திரத்துக்கும் பொருந்துவன. கோயிற் கல்வெட்டும் கோட்டைச் சுவரும் பேணப்படுவதைப் போன்றே, இந்த அறிவைத் தாங்கிய முதிய தொழிலாளரின் வாய்மொழியும் அவர்களது செய்முறைகளும் அவர்கள் வாழும் காலத்திலேயே பதியப்பட்டு, மாவட்டத்தின் தொழிற்பயிற்சிக் கூடங்களில் பாடமாக்கப்படுவது அவசியம். ஏனெனில் அரசுகளும் படைகளும் மாறிமாறி வந்துபோன இத்துறைமுக மாவட்டத்தில் நெருக்கடிகள் ஒவ்வொன்றிலும் மருத்துவமனைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் மக்களைச் சுமந்தவை அந்தப் பழைய கார்கள். அவற்றை ஓடவைத்தவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.