பளிக்கறையும் குப்பியும்

மணிமேகலைக் காப்பியத்தில் உவவனம் என்ற பூஞ்சோலைக்குள் ஒரு பளிக்கறை இருக்கிறது. இளவரசன் உதயகுமரனின் தேர் ஒலி கேட்டதும் மணிமேகலை அதற்குள் புகுந்துகொள்கிறாள். உள்ளே நிற்பவளின் உருவத்தை அந்த அறை வெளியே காட்டிவிடும். குரலை மட்டும் வெளியே விடாது. காப்பியத்தை இயற்றிய சாத்தனார் சொல்லும் பளிங்கு படிகக்கல். மணலும் காரமும் சுண்ணாம்பும் உருகிக் கலந்து பிறக்கும் கண்ணாடி வேறு பொருள். ஆயினும் சோதனைச் சாலையில் கண்ணாடிக் கலம் எதற்கு என்று ஒரு மாணவர் கேட்டால், பளிக்கறை புக்க காதையைப் படித்துவிட்டு வரச் சொல்லலாம். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளே உள்ளதும் வெளியே உள்ளதும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. செம்பும் பித்தளையும் சுட்ட மண்ணும் இரண்டாவதை ஓரளவு செய்யும். முதலாவதைக் கண்ணாடிதான் செய்தது.

வேதியியல் துறையின் பொன்விழா மலருக்கு எழுத வேண்டும் என்று விழாக் குழுவினர் அன்போடு பணித்ததால் இக்கட்டுரை உருவாயிற்று. துறை தொடங்கிய கதையும் தலைவர்களாக வீற்றிருந்த பெருமக்களின் தொண்டும் மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. அவற்றை அறியாதவர் இந்த மலரைக் கையில் எடுக்கப் போவதில்லை. அரை நூற்றாண்டாகப் பேசாமல் உழைத்த கண்ணாடிக் கலங்களுக்கும் அவற்றை ஊதிச் செய்த கைகளுக்கும் உரிய மரியாதையை இங்கே செலுத்துவது பொருத்தம்.

ஏழு சீலைமண்

இரசம், அதாவது பாதரசம், சிவம்; கந்தகம் சக்தி என்பது சித்தர் மரபு. அவ்விரண்டும் கூடிச் செந்தூரமாகும் கருவறை ஒரு கண்ணாடிக் குப்பி. இரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் இட்டு, இரசத்தின் மினுக்கம் மறைந்து மை போலக் கறுக்கும்வரை அரைப்பார்கள். அதைக் குப்பியில் அடைத்து ஏழு சீலைமண் செய்வார்கள். அதாவது, குழைத்த மண்ணைத் துணியில் பூசிக் குப்பியைச் சுற்றி, காயவைத்து, மறுபடியும் சுற்றி, மறுபடியும் காயவைத்து, இப்படி ஏழு முறை. பிறகு மணல் நிரப்பிய பானையில் அதைக் கழுத்தளவு புதைத்து அடுப்பேற்றினால் அதுவே வாலுகா இயந்திரம். தீயும் ஒரே தீயல்ல. தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று படிப்படியாக ஏற்றுவார்கள். கந்தகம் கழுத்தில் உறைந்து வழியை அடைத்துவிடாதபடி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை அவ்வப்போது உள்ளே விட்டு எடுப்பார்கள்.

எரிப்பு முடிந்து ஆறியபின் செந்நிறச் செந்தூரம் குப்பியின் கழுத்தில் படிந்திருக்கும். அதை எடுக்கக் குப்பியை உடைத்தாக வேண்டும். கண்டபடி தட்டினால் சில்லு மருந்தில் விழுந்துவிடும். ஆகவே மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் குப்பியைச் சுற்றிக் கட்டிக் கொளுத்தி, அது எரிந்து தீரும் தறுவாயில் ஈரத்துணியால் சுற்றுவார்கள். நூல் கட்டிய இடத்தில் குப்பி வட்டமாக வெடித்து இரண்டாகும். சூடும் குளிரும் சட்டென்று மோதினால் கண்ணாடி பிளக்கும் என்ற குறையையே வெட்டும் கத்தியாக்கிக்கொண்ட கைத்திறன் இது.

ஏழு சுற்று எதற்கு? கண்ணாடி வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். தீ பட்ட புறம் விரிந்துகொண்டிருக்கும்போது மறுபுறம் விரியாமல் நிற்கும். அந்த இழுபறியில் விரிசல் பிறக்கும். மண் பூசிய துணியும் சுற்றியுள்ள மணலும் சூட்டை எல்லாப் பக்கமும் நிதானமாகப் பரப்பிக் குப்பியைக் காக்கின்றன. ஐரோப்பிய இரசவாதிகளும் வாலை எனப்படும் தங்கள் வடிகலங்களுக்கு மண்பூச்சு இட்டார்கள். வடமொழியில் இரசரத்னசமுச்சயம் தன் ஒன்பதாம் அதிகாரத்தை இயந்திரங்களுக்கும் பத்தாம் அதிகாரத்தை மூசைகள் எனப்படும் உருக்கு கலங்களுக்கும் ஒதுக்கியிருக்கிறது. கருவிக்கு இரண்டு அதிகாரம் ஒதுக்கிய நூல் என்பதே அதன் பெருமை. ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய் இந்து வேதியியலின் வரலாற்றை 1902-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இத்தகைய நூல்களை உலக அறிஞர் முன் வைத்தார். வேதியியல் படிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது புரட்ட வேண்டிய நூல் அது.

குழாய் இழுத்த கரை

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய வணிகத்தின் சுவடுகளைத் தேடினார். அதே மண்ணில் சிறு கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. பிற்காலத்தில் இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் பெற்ற இவ்வகை மணிகள் தென்கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்துள்ளன. அவற்றைச் செய்த முறைதான் இங்கே கவனிக்கத்தக்கது. உருகிய கண்ணாடிக்குள் காற்றுப் புழையை உண்டாக்கி, அதை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, ஆறியதும் சிறு சிறு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி விளிம்பை மழுக்குவார்கள். ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் இத்தொழில் நம் காலம்வரை பிழைத்திருந்தது.

குழாய் இழுக்கத் தெரிந்த மக்கள் அதை மணியாக நறுக்கினார்கள். நறுக்காமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது பெருமிதமும் ஏக்கமும் ஒருங்கே எழுகின்றன.

நூற்றொரு நாள் கொதித்த நீர்

நீரை நெடுநாள் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று பதினெட்டாம் நூற்றாண்டுவரை பல அறிஞர்கள் நம்பினார்கள். எத்தனை முறை வடித்த நீரானாலும், கண்ணாடிக் கலத்தில் காய்ச்சக் காய்ச்ச அடியில் வெண்பொடி படிந்தது. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?

பாரிஸில் இளைஞர் லாவோசியே 1768 அக்டோபரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். பெலிக்கன் என்ற கலம் ஒன்று உண்டு. பறவை தன் மார்பைக் கொத்துவது போல அதன் இரு கைகளும் வளைந்து வயிற்றுக்கே திரும்பும். எழும் ஆவி குளிர்ந்து மீண்டும் உள்ளேயே வடியும். வெறுங்கலத்தை நிறுத்தார். நீரை நிறுத்தார். அடைத்து மூடி, மொத்தத்தையும் நிறுத்தார். பிறகு 101 நாள் விடாமல் காய்ச்சினார். பொடி படிந்தது. மூடிய கலத்தின் மொத்த எடை மாறவில்லை. ஆகவே தீயிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. திறந்து, காயவைத்து, கலத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால் கலம் இளைத்திருந்தது. பொடியின் எடை ஏறத்தாழக் கலம் இழந்த எடையே. நீர் மண்ணாகவில்லை. கலமே நீரில் கரைந்து பொடியாகியிருந்தது.

கண்ணாடியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வது கடினம். காட்டும், கலக்காது என்று நம்பியிருந்த பளிக்கறை மெல்லக் கலந்துகொண்டிருந்தது அன்று வெளிப்பட்டது. கலத்தையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும் என்பதை ஒரு தராசு சொல்லிக்கொடுத்தது.

அதற்கு மருந்து கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. கண்ணாடித் தொழிற் குடும்பத்தில் 1851-இல் பிறந்த ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அப்பே, கார்ல் சைஸ் ஆகியோருடன் சேர்ந்து ஜெர்மனியின் யேனா நகரில் 1884-இல் கண்ணாடி ஆய்வுக்கூடம் நிறுவினார். உருக்கில் போரிக் ஆக்சைடைச் சேர்த்துப் பார்த்ததில் போரோசிலிக்கேட் கண்ணாடி பிறந்தது. சாதாரணக் கண்ணாடி ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு நீளும். இன்றைய சோதனைச் சாலைக் கண்ணாடி 3.3 பங்குதான் நீளுகிறது. நீரிலும் அமிலத்திலும் கரைவதும் மிகக் குறைவு. ஏழு சீலைமண் குப்பிக்கு வெளியே இருந்து செய்த காவலைப் போரான் கண்ணாடிக்கு உள்ளே இருந்தே செய்கிறது.

முதல் உலகப் போர் மூண்டதும் யேனாவின் சரக்கு பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நின்றுபோயிற்று. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் அதற்குச் சற்று முன்பே, 1913-இல், ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலர், மின்கலத் தொட்டி ஒன்றிலிருந்து அறுத்தெடுத்த அடிப்பாகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். கண்ணாடி விரிசல் விடவில்லை; கேக்கும் ஒட்டாமல் வந்தது. 1915-இல் பைரெக்ஸ் கடைக்கு வந்தது. சோதனைச் சாலைக்கும் வந்தது. நம் நாட்டிலும் வெளிநாட்டுக் கண்ணாடிக்குக் கைகட்டி நிற்கக் கூடாது என்ற வேகம் இருந்தது. பைசா பைசாவாகத் திரட்டிய சுதேசி நிதியில் 1908-இல் புனேக்கு அருகே தளேகாவில் எழுந்த பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை அதற்குச் சான்று.

ஊதியவர் கை

அமுதசுரபி என்னும் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்த உடனே சுரந்துவிடவில்லை. ஆதிரை முதற் பிச்சை இட்ட பிறகே அதில் உணவு வற்றாமல் வந்தது. கலத்துக்கும் ஒரு கை வேண்டும்.

பாஸ்டர் தம் குடுவைகளின் கழுத்தைச் சுடரில் இளக்கி அன்னத்தின் கழுத்தாக வளைத்தார். காற்று தடையின்றிப் போய்வந்தது. தூசி வளைவிலேயே தங்கியது. காய்ச்சிய சாறு தெளிவாகவே நின்றது. குடுவையைச் சாய்த்துச் சாற்றைத் தூசியில் படவிட்டால் அது கலங்கியது. உயிர் தானாகத் தோன்றுகிறதா என்ற நெடுவழக்கை ஒரு வளைந்த கழுத்து தீர்த்துவைத்தது.

1909-இல் மான்செஸ்டரில் ரூதர்போர்டும் ராய்ட்ஸும் ஆல்ஃபா துகள் எது என்று நிறுவ முனைந்தார்கள். துகள் ஊடுருவிப் போகும் அளவுக்கு மெல்லியதாகவும், வாயு கசியாத அளவுக்கு உறுதியாகவும் ஒரு குழாய் தேவைப்பட்டது. சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாட்டையும் அது தாங்க வேண்டும். ஓட்டோ பௌம்பாக் என்ற கண்ணாடி ஊதுபவர் அதை ஊதிக் கொடுத்தார். உள்ளே கதிரியக்க வாயு. வெளியே காற்று நீக்கிய இன்னொரு குழாய். சில நாளில் வெளிக்குழாயில் ஹீலியத்தின் நிறமாலை தெரிந்தது. மெல்லிய குழாயில் வெறும் ஹீலியத்தை நிரப்பியபோது எதுவும் வெளியே வரவில்லை. ஆல்ஃபா துகள் ஹீலியமே என்பது இப்படி உறுதியாயிற்று. ரூதர்போர்டின் பெயரை எல்லாப் பாடநூலும் சொல்கிறது. பௌம்பாக்கின் பெயரையும் சொல்லவேண்டியது ஆசிரியர்களின் கடன்.

திருவானைக்கோவிலில் பிறந்த சர் சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கொல்கத்தாவில் ஒளிச்சிதறலைப் பற்றிச் செய்த ஆய்வும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. மிக மங்கிய ஒளிச்சிதறலைத் தேடும்போது, திரவத்தில் மிதக்கும் ஒரு தூசி போதும், கண்ணை ஏமாற்ற. ஆகவே திரவங்களை வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தார்கள். ஏறத்தாழ அறுபது திரவங்களை ஆராய்ந்ததாக அவர்களின் முதற் குறிப்பு சொல்கிறது. தமிழர் இருவர் கண்ட புதிய ஒளிக்குத் தூய கண்ணாடியும் துணை நின்றது.

எர்லன்மேயரின் கூம்புக் குடுவை, பெட்ரியின் 1887 தட்டு, டிவாரின் 1892 வெற்றிடக் குடுவை இவற்றை மாணவர் அன்றாடம் கையாள்வதால் விரிக்கத் தேவையில்லை. அளவுக் குடுவையைப் பற்றி மட்டும் ஒரு சொல். அதன் கழுத்திலுள்ள கோட்டுக்கு அருகே வெப்பநிலை பொறித்திருக்கும். உலக வழக்கு 20 டிகிரி. வெப்ப நாடுகளுக்கு 27 டிகிரியும் ஏற்கப்பட்டது. அந்த ஏழு டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஒன்றரை மில்லிலிட்டருக்கு மேல் விரியும். எண்ணைப் படிக்காமல் குடுவையை நிரப்பும் மாணவர் தரம் பார்க்கத் தொடங்கும் முன்பே தவறிவிடுகிறார். பியூரெட்டும் அப்படியே. கழுவிய பியூரெட்டில் நீர் ஒரே படலமாக வழிந்தால் அது தூய்மை. உட்சுவரில் துளிகள் தங்கினால் பசை இருக்கிறது; மறுபடி கழுவ வேண்டும்.

பொன்விழாவின் நினைவாகத் துறையில் ஒரு கண்ணாடி மேசை அமையட்டும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை: ஒரு பர்னர், ஒரு முக்கோண அரம், ஒரு கட்டு சோடாக் கண்ணாடிக் குழாய். ஃபாரடே 1827-இல் எழுதிய செய்முறை நூலில் கண்ணாடியை வளைப்பதையும் ஊதுவதையும் சொல்ல ஒரு தனிப்பகுதி வைத்தார். நம் முதலாண்டு மாணவருக்கும் அது முதற்பாடமாகட்டும். குழாயின் மேல் அரத்தால் ஒரே கீறல். துணியில் சுற்றி, கீறலுக்கு எதிர்ப்புறம் இரு கட்டை விரல்களையும் ஊன்றி, சற்றே இழுத்தபடி வெளிப்புறமாக மடக்கினால் குழாய் நேராக முறியும். முறிந்த விளிம்பு விரலை அறுக்கும். அதைச் சுடரில் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரிக்கமேட்டார் தங்கள் மணிகளுக்குச் செய்தது போலவே விளிம்பு மழுங்கும். அப்போது பர்னரின் நீலச் சுடர் மஞ்சளாக மாறும். அது கண்ணாடியில் உள்ள சோடியத்தின் நிறம்.